நைனாவுக்கு நான் சொன்ன ஜப்பான் படங்கள்

என் அப்பா ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இத்தனைக்கும் அந்தப் படத்தை அவருக்காகத் தேடிப் பிடித்துப் போட்டவளே நான்தான்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு புதுவாயல் வீட்டில் நானும் அவரும் மட்டும். நான் காட்டுப்பள்ளியில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் ஹைவேயில் கம்பெனி வேன் ஏறினால் சாயங்காலம் அதே இடத்தில் இறங்குவேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்லிவிடுவேன்.

அந்தப் படங்கள் எனக்குக் கல்லூரியில் பழக்கமாயின. கூடப் படித்த ஒருத்தி பென் டிரைவில் கொண்டுவந்து கொடுப்பாள். ஜப்பானிய மொழி பேச்சு, கீழே இங்கிலீஷ் எழுத்து. ஒரு பெண் சமைப்பதை, ஒருவன் மழையில் பஸ்ஸுக்கு நிற்பதை அவசரமே இல்லாமல் காட்டிக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டில் யாரும் யாரையும் அப்படி நின்று பார்ப்பது கிடையாது. அதனால்தானோ என்னவோ, எனக்கு அது பிடித்துப்போயிற்று.

ஒருநாள் நைனா ஷிஃப்ட் முடிந்து வந்தவர், நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்ப்பதைப் பார்த்துவிட்டார். அவர் கூப்பிட்டது என் காதில் விழவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்து அறுத்தார்.

"காலேஜிக்குப் போற பொண்ணு பொம்ம படம் பாத்துக்கினு கீது. வெக்கமா இல்ல?"

அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது நான் பார்த்ததில்லை. பதினெட்டு பத்தொன்பது வயதில் ஒளித்துப் பார்க்க எத்தனையோ இருக்கும் ஊரில், நான் கார்ட்டூனை ஒளித்துப் பார்த்தேன்.

நான் முதன்முதலில் இந்தப் படங்களைப் பார்க்கச் சொன்னது அம்மாவிடம். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, அது கெட்ட கட்டி என்று தெரிந்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பகலெல்லாம் வார்டில் அவளுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டில்காரி முனகுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். ஒருநாள் அவள் தலையணைமேல் என் போனைச் சாய்த்து வைத்து ஒரு படத்தைப் போட்டேன். இங்கிலீஷ் எழுத்தை அவளால் படிக்க முடியாது. நான் அவள் காதோரம் குனிந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். யார் பேசுகிறார்களோ அவர்கள் மாதிரியே குரலை மாற்றிச் சொல்வேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் வயிறு வலிக்கும்.

"அந்தக் கொழம்பு இன்னா கொழம்புடி? இப்டி ஆவி வருது?" என்பாள். படத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது சாப்பாடுதான். அவளுக்கு எதுவும் தொண்டையில் இறங்காத சமயம் அது.

நைனா அட்மிட் பண்ணின அன்றைக்கு வந்தார். அப்புறம் உடம்பை எடுத்துப்போக வந்தார். நடுவில் வரவே இல்லை. டபுள் டூட்டி, ஆள் இல்லை, சூப்பர்வைசர் விடவில்லை என்று போனில் ஏதாவது சொல்வார். கவரைப்பேட்டையில் ரயில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரம்தான். அம்மா அவரைக் குறை சொல்லமாட்டாள். "அது நெருப்பாண்ட நிக்கிற மனுசன்" என்று நர்ஸிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

கடைசி வாரத்தில் ஒருநாள் அம்மாவே அவரைக் கூப்பிடச் சொன்னாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு நான்தான் போனைப் பிடித்துக்கொண்டேன். மில் சத்தம் கேட்டது. அம்மா சொன்னாள்: "வேலய முடிச்சிக்கினு மெதுவா வாய்யா. வந்து என் காலாண்ட சும்மா குந்து. பேசக்கூட வேணா."

நைனா, "சரி சரி, வெச்சிடு" என்றார்.

அவர் வரவில்லை. அம்மா செத்த வீட்டில் ஷாமியானா கட்டுவது, சேர் இறக்குவது, வந்தவர்களுக்கு டீ சொல்வது எல்லாம் அவரே ஓடி ஓடிச் செய்தார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "எப்டி தாங்கினு நிக்கிறாரு பாரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். எனக்கு அதுவும் காதில் விழுந்தது.

ரிட்டயர் ஆன பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. காலையில் டீக்கடை, அப்புறம் டிவியில் நியூஸ் சேனல் சண்டை, மத்தியானம் தூக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்து நான் ஹாலில் பெரிய டிவியில் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி கொட்டுகிற ஊரில் தண்டவாளத்துப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் ரயில், அதை ஓட்டும் இரண்டு கிழவர்கள், அவ்வளவுதான் கதை. நைனா பாயிலிருந்து எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அவன் துண்டால மூஞ்சத் தொடைக்கிறான் பாரு. நாங்க மில்லுல அப்டியே தொடைப்போம்" என்றார்.

நான் ரிமோட்டை எடுக்கப் போனேன். "இருக்கட்டும் பாப்பா. இன்னா சொல்றான் அவன்?"

அவரும் இங்கிலீஷ் படிக்கமாட்டார். நான் வேண்டாவெறுப்பாக ஒரு வரியைத் தமிழில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வரியையும் சொல்ல வேண்டியதாயிற்று. படம் முடிகிறவரை சொன்னேன். குரல் எதுவும் மாற்றவில்லை. ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். அதற்கே அவர் சொக்கிப்போனார்.

"இந்த மாதிரி இன்னொன்னு இருந்தா போடு பாப்பா. சண்ட கிண்ட இல்லாம."

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அது வழக்கமாகிவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆபீசில் இரண்டு மூன்று பெண்களை நான் இப்படி இழுத்து விட்டிருக்கிறேன். எடுத்த எடுப்பில் பூதம், மாயம் வருகிற படத்தைக் காட்டினால் ஓடிவிடுவார்கள். பள்ளிக்கூடக் காதலைக் காட்டினால் பெரியவர்கள் நெளிவார்கள். வேலை செய்கிற மனிதர்கள் வருகிற படமாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். நைனாவுக்குக் குடை ரிப்பேர் செய்கிற பெண்ணின் படத்தைப் போட்டேன். குளத்தைத் தூர் வாருகிற ஒரு கிராமத்தின் படத்தைப் போட்டேன். எல்லாம் அவருக்குப் பிடித்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து பார்ப்பார். படம் முடிந்ததும், "இன்னா பொறுமைடா சாமி இவனுங்களுக்கு, ஒவ்வொரு எலையா வரைஞ்சிகீறான்" என்பார்.

ஒயரை அறுத்தது அவருக்கு நினைவில்லை போலிருந்தது. "இதெல்லாம் எப்ப இருந்து பாக்கிற நீ? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று ஒருநாள் கேட்டார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அழகான காட்சி. எதிர்வீட்டு அக்கா, "அப்பாவும் பொண்ணும் ஒண்ணா குந்திக்கினு படம் பாக்கறத பாத்தா எனக்குப் பொறாமையா கீது" என்றாள். எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் உள்ளே என்னவோ புளித்துக்கொண்டிருந்தது. அம்மா சாப்பாட்டைப் பார்த்து ஏங்கின இடங்களில் இவர் வெற்றிலை மென்றுகொண்டு தலையாட்டுவார். இந்தக் கண் அப்போது எங்கே போயிருந்தது? ஒரு பொம்மைக் கிழவனின் இருமல்கூட இவருக்குக் கேட்கிறதே.

அப்போதுதான் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். கல்லூரிக் காலத்தில் பார்த்தது. ஒரு மீன்பிடித் துறைமுகம், அங்கே ஐஸ் ஃபேக்டரி. அதன் மேஸ்திரிதான் கதாநாயகன். அவன் மனைவி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். படகில் போய்விடலாம். ஆனால் மீன் சீசன், ஐஸ் நிற்கக் கூடாது, நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறான். அவன் போய்ச் சேரும்போது கட்டிலில் புது விரிப்பு போட்டிருக்கும்.

பழிவாங்கத்தான் போட்டேன். இந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்குத் தன் முகம் தெரியும், பாதியில் எழுந்து போவார், அல்லது என்னைப் பார்ப்பார், ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அதற்காகவே ரொம்ப வருடமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

படம் ஓடியது. அந்த மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் போன் செய்கிற காட்சி வந்தது. கீழே எழுத்தில், குளிர் வந்துவிட்டது, என் கம்பளிச் சட்டையை அனுப்பி வை என்று ஏதோ ஓடியது. நான் அதைப் படிக்கவில்லை. என் வாயில் வேறு வந்தது.

"வேலய முடிச்சிக்கினு மெதுவா வாய்யா. வந்து என் காலாண்ட சும்மா குந்து. பேசக்கூட வேணா."

அம்மாவின் குரலிலேயே சொன்னேன். அந்த இழுப்பு, அந்த மூச்சு எல்லாம் எனக்கு வரும். சொல்லிவிட்டு டிவியைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன்.

அவர் முகம் கோணியது. தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு தேம்ப ஆரம்பித்தார். அந்த மனிதர் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"செருப்பால அடிக்கணும் அந்த நாய" என்றார். "பொண்டாட்டி அங்க கெடக்கறா, இவன் ஐஸு ஒடச்சிக்கினு கீறான். மனுசனா இவன்?"

எனக்கு ஒரு நொடி அவர் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாரோ என்று சந்தேகம். அவர் விரல் டிவியைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா டயலாக் எழுதிகீறான் பாரு பாப்பா. பேசக்கூட வேணான்றா. அத இன்னொரு தபா போடு."

நான் போடவில்லை. ரிமோட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் ஊறவைத்திருந்த துணியைத் துவைத்தேன். உள்ளே மிச்சப் படம் பேச்சு புரியாமலே ஓடி முடிந்தது. அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் குழாயடி வரைக்கும் கேட்டது.

சில நாள் கழித்து, சாயங்காலம் வேனை விட்டு இறங்கினேன். அங்கே டீக்கடை பெஞ்சில் நைனாவும் அவரோடு மில்லில் இருந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வருவதை அவர் பார்க்கவில்லை. லாரிகளின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஐஸ் ஃபேக்டரி, படகு, ஆஸ்பத்திரி. பிறகு குரலைத் தணித்து, அந்த ஜப்பான்காரி எப்படிச் சொன்னாள் என்று சொல்லிக் காட்டினார். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். நான் இழுத்த இடத்தில் அவரும் இழுத்தார்.

ஒருவர், "த்சோ" என்றார். இன்னொருவர், "ஜப்பான்காரனும் நம்மள மாதிரிதான் போல" என்றார்.

நான் லஞ்ச் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். அம்மா சாவதற்கு முன்னால் இந்த மனிதரிடம் கேட்ட ஒரே ஒரு காரியம், மூன்று கிளாஸ் டீயோடு பேசித் தீர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் டிவியைப் போட்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரே போய் நின்றேன்.

"நைனா, அந்த டயலாக் படத்துல இல்ல."

"எது?"

"மெதுவா வாய்யா, காலாண்ட குந்து. டீக்கடையில சொல்லிக்கினு இருந்தியே, அது."

"நீதானம்மா படிச்ச."

"படிக்கல. நானா சொன்னேன். அது அம்மா சொன்னது. ஆஸ்பத்திரில இருந்து, உங்கிட்ட, போன்ல."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். நெற்றியைச் சுருக்கினார். பொய் சொல்லத் தயாராகிறவர் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. அவர் உண்மையாகவே யோசித்தார்.

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான். நான்தான் போன புடிச்சிக்கினு இருந்தேன்."

"மில்லுல சத்தமா இருந்திருக்கும். காதுல வுழுந்திருக்காது."

"நீ சரி சரின்னு சொன்ன நைனா. வெச்சிடுன்னு சொன்ன."

"சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்லியே பாப்பா."

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்த நிறைய வைத்திருந்தேன். மறுத்திருந்தாலும் வாதாடியிருப்பேன். ஞாபகம் இல்லை என்கிறவரோடு என்ன பண்ணுவது? நான் இத்தனை நாள் கட்டிக் காத்த வழக்கில் எதிராளி ஆஜரே ஆகவில்லை.

நான் திரும்பி என் அறைக்கு நடந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

"அப்ப படத்துல அவ இன்னாதான் சொல்றா?"

நின்றேன். "குளுருதாம். கம்பளி சட்ட அனுப்ப சொல்றா."

"அவ்ளோதானா?" அவருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "நீ சொன்னதுதான் நல்லாருந்துச்சு."

"நான் சொன்னது இல்ல நைனா. அம்மா சொன்னது."

"ஆமா ஆமா, அதான்" என்றார்.

அன்று அவர் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். வழக்கமாக அப்படி எழுந்திருக்கமாட்டார். அதை வைத்து நான் என்னென்னவோ எண்ணிக்கொண்டேன். மறுநாள் சரியாகவே சாப்பிட்டார்.

அந்தக் கதையை அவர் டீக்கடையில் இன்னும் சொல்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில், பொன்னேரி பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரி என்றுதான் சொன்னார். வசனம் அப்படியே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்ளோ எளகின மனசு" என்றார். பந்தியில் எனக்கு நேர் எதிரே இது நடந்தது. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்துபோய், அந்த ஐஸ் ஃபேக்டரிக்காரன் இந்த ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நன்றாகப் படித்த பெண் கல்யாண வீட்டில் இப்படியா பேசுவது என்று என்னைத்தான் சொல்லுவார்கள்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் படித்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். யார்டில் ஆள் குறைந்தால் நானே வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். அவர் கேட்டால் படத்தின் பெயரை மட்டும் சொல்லி, டிவியில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். நல்ல படமாகத்தான் சொல்வேன். கெட்ட படத்தைச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை.

அவர் பேச்சு புரியாமல் பார்க்கிறார். யாராவது ரொம்ப நேரம் பேசினால் டிவியை நோக்கிக் கொஞ்சம் குனிகிறார், ஏதோ காதில்தான் கோளாறு என்கிற மாதிரி. சிரிக்க வேண்டாத இடத்தில் சிரிக்கிறார். ஒருநாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அண்ணன் தம்பி சண்டையைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். அவர்கள் சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்துவிட்டார் போல.

போன ஞாயிறு நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். மலையடிவாரத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டுவிட்டிருந்தேன்.

"பாப்பா, படிக்கக்கூட வேணா. இதுல யாராச்சும் சாவறாங்களான்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன். பயமா கீது."

ஹைவேயிலிருந்து வேன்காரர் ஹார்ன் அடிப்பது கேட்டது. "பாத்தா தெரியும் நைனா" என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டேன்.